சொந்த அஜாக்கிரதை

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் சனிக்கிழமைகள் ரயில்வே தொழிலாளிகளின் விபத்துகளில் கழிந்தன. பழைய ரயில் கம்பெனி ஒன்றின் விபத்துப் பதிவேடுகளை யாரோ படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அந்தக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து கொடுக்கத் தன்னார்வலர்கள் தேவை என்று அறிவிப்பு வந்தது. வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்தியவளுக்குக் கோழிக் கிறுக்கல் புதிதா என்ன? பெயர் கொடுத்துவிட்டேன்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சின்ன ஹாலில் மூன்று பேர் கூடுவோம். நான் லிங்கராஜபுரத்திலிருந்து பஸ்ஸில் போவேன். விவேக் நகரிலிருந்து ஸ்கூட்டரில் வருபவர் ஓய்வு பெற்ற நர்ஸ். டாக்டர்களின் எழுத்தையே படித்துப் பழகியவர் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர்தான் மேல்கோர்ட்டு. மூன்றாமவர் அந்தத் தெருக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். கேட்டதைக் கொடுக்காமலிருக்கக் காரணம் கண்டுபிடிப்பதுதான் அவர் பார்த்த உத்தியோகம். அதில் அவருக்கு வெட்கமில்லை, பெருமைதான்.

பதிவேட்டில் ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. கை போனாலும் கால் போனாலும் உயிரே போனாலும் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் இருக்கும்: சொந்த அஜாக்கிரதை. நர்ஸுக்கு அதைப் பார்த்தாலே மூக்கு சிவக்கும்.

"இங்க பாருங்க சார். சங்கிலி அறுந்து இரும்புத் தகடு மேலேர்ந்து விழுந்திருக்கு. கீழ நின்னவன் என்ன அஜாக்கிரதை பண்ணான்?"

"கீழ நின்னான்ல சிஸ்டர், அதான்."

"அவன் வேலையே அங்கதான?"

"நிக்கக்கூடாதுன்னு ரூல் இருந்திருக்கும். ரூல் இல்லாம கம்பெனி எழுதாது."

இந்தச் சண்டை வாராவாரம் நடக்கும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நசுங்கியவன், பனியில் கொடி தெரியாமல் எஞ்சினில் அடிபட்டவன், யாராக இருந்தாலும் அவர் கம்பெனி பக்கம், நர்ஸ் ஆள் பக்கம். நான் தட்டச்சு செய்துகொண்டே இரண்டு பக்கமும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவேன்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பேக்கரியிலிருந்து சூடாக முட்டை பஃப்ஸ் வந்தது. கிளெய்ம் அதிகாரி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். படாரென்று ஒரு சத்தம். நாற்காலியின் பின்கால் முறிந்து மனிதர் தரையில் கிடந்தார். பஃப்ஸ் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

நர்ஸ் ஓடிப்போய் மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி, இடுப்பை அழுத்திப் பார்த்தார். தோல் உரசியதோடு சரி. மருந்து தடவிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு காலிப் பக்கத்தைத் திறந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு முட்டியது. தட்டி முடித்துவிட்டு, தீர்ப்பு வாசிப்பதுபோல வாசித்தார்.

"விபத்து: நாற்காலி முறிந்து ஊழியர் விழுந்தார். காயம்: முழங்கையில் சிராய்ப்பு. காரணம்: சொந்த அஜாக்கிரதை."

"என்ன அஜாக்கிரதை? நான் சும்மா உக்காந்தேன்!"

"உக்காந்தீங்கல்ல சார், அதான்."

"அது ஏற்கெனவே உடைஞ்ச சேர் சிஸ்டர்!"

"சாட்சி இருக்கா?" என்று நான் கேட்டேன். அவர் என்னை முறைத்த முறைப்பை இன்னும் மறக்கவில்லை. பஃப்ஸைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. நர்ஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓவரா போயிட்டமோ டீச்சர்?"

"வருவாரு சிஸ்டர். பஃப்ஸுக்காவது வருவாரு" என்றேன். ஆனாலும் எனக்கும் மனசு கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அன்றைக்கு வேலையே ஓடவில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் நர்ஸுக்குக் கோபம்கூட வரவில்லை.

அதற்கடுத்த வாரம் வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் ஃபைல். உள்ளே தட்டச்சு செய்த மேல்முறையீடு. உடைந்த நாற்காலிக் காலின் புகைப்படத்தையும் இணைத்திருந்தார். கூடவே சர்ச்சைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைச் சாட்சியாகக் கூட்டி வந்திருந்தார். அந்த மனிதர் துடைப்பமும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார்.

நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்து விசாரித்தார். "அந்தச் சேர் உடைஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. போன கிறிஸ்மஸ்லயே விரிசல் விட்டுச்சு. நான்தான் கம்பி சுத்தி வெச்சேன்."

"உக்காராதீங்கன்னு எழுதி வெச்சீங்களா?"

"இல்லம்மா. பாத்தாலே தெரியும்னு நெனச்சேன்."

"பாத்தா தெரியலயே" என்று கிளெய்ம் அதிகாரி குரலை உயர்த்தினார். "மறைஞ்சிருந்த குறை. எப்படித் தெரியும் எனக்கு?"

நர்ஸ் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு, மேல்முறையீடு ஏற்கப்பட்டது, ஊழியர்மேல் குற்றமில்லை, நஷ்டஈடாக ஒரு பஃப்ஸ் என்று தீர்ப்புச் சொன்னார். கிளெய்ம் அதிகாரி அதோடு விடவில்லை. எழுத்தில் வேண்டும் என்றார். எழுதி நானும் நர்ஸும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். கோயில்பிள்ளையும் கேட்காமலே ஒரு கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் வேலையில் உட்கார்ந்தோம். அன்று அவர் பங்குக்கு வந்தது ஏணி வழுக்கி விழுந்து முதுகெலும்பு போன ஒரு பெயின்டரின் பதிவு. கடைசிக் கட்டம் வந்ததும் அவர் விரல் நின்றுவிட்டது.

"இவனுக்கு ஒரு கோயில்பிள்ளை கிடைச்சிருக்க மாட்டான், இல்ல?" என்றார்.

நர்ஸ் கேலி செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எழுதியிருப்பதை அப்படியே தட்டச்சு செய்வதுதான் எங்களுக்கு விதி என்பதால், கிளெய்ம் அதிகாரி அந்த இரண்டு சொற்களையும் மெதுவாகத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

சில நாள் கழித்து அவர் மனைவி நர்ஸுக்கு போன் செய்திருக்கிறார். "இவரு ஏதோ ஆர்டரை லேமினேஷன் பண்ணி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்காரு. வர்றவங்க கிட்டல்லாம் கேஸ் ஜெயிச்சுட்டேன்னு சொல்றாரு. என்ன கேஸுங்க அது?"

"ஆக்சிடென்ட் கேஸ்மா" என்றாராம் நர்ஸ். "பெரிய கேஸ்தான். பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க."