ஒரகடத்தில் ஒரு ஹெல்மெட் பட்டறை

1991இல், மழை தொடங்குவதற்குச் சற்று முன் ஒரகடம் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அதற்கு முந்தைய மாதம், செம்பரம்பாக்கம் அருகே லாரி உரசி, என் கணவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இறந்துபோனார். எங்கள் தெருவில் ஹெல்மெட் போட்ட ஒரே ஆள் அவர். "பெல்ட்ட மாட்டியிருக்க மாட்டான்" என்று மாமியார் ஓயாமல் புலம்பினார். ஆஸ்பத்திரியில் என்னிடம் கொடுத்த ஹெல்மெட்டில் பெல்ட் மாட்டியபடியே இருந்தது. அதை ஹெல்மெட் ஓட்டோடு பிடித்திருந்த ரிவெட் ஆணிதான் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. அதைச் செய்த பட்டறையின் விலாசத்தை, ஹெல்மெட் வாங்கிய கடையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தாம்பரத்திலிருந்து ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்கள் குறைவு, தண்ணீர் கொண்டுபோவது நல்லது. அவருடைய ஹெல்மெட்டைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தேன்.

"மடியில இன்னாமா, தேங்காயா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாம்" என்றேன்.

பட்டறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளக் கொட்டகை. பிசின் நாற்றம் கண்ணைக் கரித்தது. முதலாளி மரியாதையாக நாற்காலி போட்டார். என் கணவர் விழுந்து இறந்ததைச் சொன்னேன்.

"பெல்ட்ட சரியா மாட்டிக்கினு இருக்க மாட்டாரும்மா."

ஹெல்மெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பிய்ந்த ரிவெட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து புதியது ஒன்றை எடுத்து நீட்டினார். "இத வச்சிக்கங்க. கவர்மெண்ட் முத்திர கீது பாருங்க."

"இதை எங்கே சோதிச்சீங்க?"

"மொத மொத சாம்பிள் அனுப்சோம். பாஸ் ஆச்சி."

"அதுக்கப்புறம்?"

அவர் அதை என் கையில் திணித்தார். அந்தப் புது ஹெல்மெட்டைத் தரையில் வைத்து, உள்ளே காலை ஊன்றி, பெல்ட்டை இரண்டு கையாலும் இழுத்தேன். ஹெல்மெட்டுகளுக்குள் பஞ்சு ஒட்டும் வேலையில் இருந்த ஒரு பெண் ஓடிவந்து, "அக்கா, கைய அறுத்துடும், வுடுங்க" என்றாள். மூன்றாவது இழுப்பில் ரிவெட் கையோடு வந்துவிட்டது.

"அது ரிஜெக்ட் பீஸும்மா" என்றார் முதலாளி. வாசலில் டெம்போவில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. நிறுத்தச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், நிறுத்தவில்லை.

வீட்டில் இரண்டு ஹெல்மெட்டையும் மாமியாரிடம் காட்டினேன். "அப்ப மாட்டிக்கினுதான் போனானா" என்று கேட்டு, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார். முத்திரை கொடுக்கும் தர அலுவலகத்துக்கு எழுதிப்போட்டேன். பதில் வரவில்லை.

அந்தப் பக்கம் வண்டியில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முத்திரையைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். உள்ளே வெறும் பஞ்சா, அடி தாங்கும் கெட்டித் தெர்மோகோலா என்று அழுத்திப் பாருங்கள். கடையிலேயே பெல்ட்டைப் பலங்கொண்ட மட்டும் இழுங்கள். கடைக்காரர் திட்டுவார். திட்டட்டும்.