அண்ணாச்சி பறக்கவிட்ட விமானம்

தெர்மாக்கோல் உடைந்தால் பெரிய சத்தம் ஒன்றும் கேட்காது. ஆனால் ஒரு பூட்ஸ் காலுக்குக் கீழே அண்ணாச்சியின் விமானம் நொறுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் அவர் ஃபிட்டர். நான் அங்கே கிளார்க். விளையாட்டு விமானத்தைக்கூட ஊரில் யாரும் பறக்கவிட்டுப் பார்த்திராத காலம். மூங்கில் சிம்பையும் தெர்மாக்கோலையும் வைத்து அதன் உடலை அவரே செய்தார். கையளவு எஞ்சினையும் ரேடியோ கருவியையும் மட்டும் சென்னைக்கு எழுதிப்போட்டு வரவழைத்தார். இரண்டு வருடம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வன்னியம்பட்டியைத் தாண்டி, வற்றிக் கிடந்த கண்மாயில் அதைப் பறக்கவிட்டார். மூன்று சுற்று சுற்றியது. "ஏலே, நான் சொன்ன பக்கம் திரும்புது பாருலே!" என்று கத்தினார்.

யாரோ தகவல் சொல்லி, இறக்கிய கையோடு போலீஸ் ஜீப் வந்து நின்றது. "யார்கிட்ட பெர்மிஷன் வாங்குன? எந்த நாட்டுக்கு வேவு பாக்க?" என்றார் அதிகாரி. பதிலுக்குக் காத்திருக்காமல் இறக்கைமேல் காலை வைத்தார். ஸ்டேஷனில் அண்ணாச்சியைச் சட்டையில்லாமல் சாயங்காலம்வரை தரையில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டபோது, "சும்மா வேடிக்கை பாக்க வந்தேன் சார்" என்றேன். விட்டுவிட்டார்கள். அண்ணாச்சி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் செய்யவும் இல்லை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மகள் கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்கு மேலே ட்ரோன் இரைந்துகொண்டிருந்தது. அனுமதி வாங்கியாயிற்றா என்று போட்டோகிராபரிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்கா?" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களைக் கேட்டார்களே! அனுமதியை எங்கே போய் வாங்குவது என்று சொல்ல ஒருவரும் இல்லாத ஊரில், எங்களைக் கேட்டார்களே! காசு கொடுத்துப் பெட்டியைப் பிரிப்பவர்கள் இன்று கல்யாணத்துக்குக் கல்யாணம் பறக்கவிடுகிறார்கள். தன் கையால் செய்தவரைத்தான் சட்டையைக் கழற்றி உட்கார வைத்தார்கள். அதற்கு இதுவரை ஒருவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அண்ணாச்சிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. நான் பொருமிக்கொண்டிருக்கையிலேயே அவர் போட்டோகிராபர் பக்கத்தில் போய் நின்று, "எம்புட்டு உசரம் போகும்? காத்தடிச்சா நிக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆர்வத்தைப் பார்த்துவிட்டு போட்டோகிராபர் ரிமோட்டை நீட்டினார். "பிடிங்கய்யா, நீங்களே ஓட்டிப் பாருங்க."

அண்ணாச்சி கையை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டு, தெருவை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார்.

"வேண்டாம்யா. யாராச்சும் பாத்துட்டா வம்பு."