இருபத்திரண்டு வோல்ட் எங்கே போனது?

நான் முதன்முதலாகத் தனியாகப் போன சர்வீஸ், பொழியூரில் மேரி அக்கா வீட்டு ஓவனுக்கு. கேக் செய்து விற்கிறவர். கல்யாண வீட்டுக்கான கேக் உள்ளே இருந்தது. வேகத்தான் மாட்டேன் என்றது.

அமரவிளையில் கடை வைத்திருக்கும் என் முதலாளி ராஜன் அண்ணன் முந்தின நாளே அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "சப்ளை எல்லாம் கிளியர் ஆக்கும். காயில் போச்சு. மாத்திட்டு வா எலே, அங்க நின்னு படிப்பு காட்டாத" என்று புதுக் காயிலையும் தந்து அனுப்பினார்.

எனக்கோ கை சும்மா இருக்காது. ஓவன் தகட்டில் 230 வோல்ட், 2000 வாட் என்றிருந்தது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 8.7. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ்: 26 ஓம் சொச்சம். ஓவன் ஓடும்போதே, வயர் வந்து சேரும் டெர்மினலில் மீட்டரை வைத்தேன். 208 வோல்ட். வயரைச் சுற்றிப் பிடிக்கும் க்ளாம்ப் மீட்டரில் 7.9 ஆம்பியர். வகுத்தால் அதே 26 சொச்சம். காயில் நன்றாகவே இருக்கிறது! பவர்தான் இல்லை, 208ஐ 7.9ஆல் பெருக்கினால் 1643 வாட்தான் வருகிறது.

மீட்டர் போர்டுக்கு ஓடினேன். அங்கே 230. நடுவில் 22 வோல்ட் எங்கே? வயரின் நீளத்துக்கு நாலு போகட்டும். மீதி 18. அதை 7.9ஆல் பெருக்கினேன். 142 வாட் ஏதோ ஒரே இடத்தில் சூடாகிக்கொண்டிருக்கிறது. ஈயம் உருக்கும் ஆறு சால்டரிங் அயர்னைச் சேர்த்துக் கட்டி வைத்தது மாதிரி.

"அக்கா, ஓவனை ஆஃப் பண்ணணும். இப்பவே."

"நல்லாருக்கே! பாதி வேக்காட்டுல நிறுத்தினா கேக்கு குழியாயிரும். காயில் மாத்த வந்த ஆளு முன்னயும் பின்னயும் ஓடிட்டு நிக்கான்."

"நூத்தி நாப்பது வாட் வேற எங்கயோ எரியுது அக்கா."

"எரிஞ்சா கண்ணுல தெரியாதா? பத்து நிமிசம் பொறு, மக்கா."

நிற்க முடியவில்லை. வயரைக் கண்ணால் தொடர்ந்தபடி நடந்தேன். கடல் வந்து முன் அறையைக் கொண்டுபோன பிறகு அடுக்களையைப் பின்னால் தள்ளிக் கட்டியிருந்தார்கள். பழைய வயரோடு புதியதை முறுக்கி, டேப் சுற்றி, பரண் வழியாக நீட்டியிருந்தார்கள். ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, ஜாயிண்டுக்க மேல வலை கெடக்கு!"

"எனக்க கர்த்தாவே, அவருக்க வலை!" கணவரின் மீன்பிடி வலை. ஓவன் சுவிட்சை அக்காவே தட்டிவிட்டார். நான் மெயினையும் அணைத்துவிட்டு வலையை இழுத்துக் கீழே போட்டேன். அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நைலான் உருகிக் கறுப்பாக இறுகியிருந்தது. உப்புக்காற்று தின்ற முறுக்கில் டேப் கரியாகியிருந்தது.

"ரெண்டு நாளா கருகின மணம் உண்டு. ஓவன்னுல்லா நெனச்சேன்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நேத்து நான் மீட்டர் வைக்கும்ப ரெண்டு பக்கமும் 230 உண்டே எலே!"

"ஓவன் ஓடிச்சா அண்ணே?"

"ஆஃப் பண்ணிட்டுல்லா வச்சேன்."

இந்த வேலைக்கு வருகிறவர்களே, கரண்ட் ஓடாதபோது கெட்ட ஜாயிண்டும் நல்ல பிள்ளையாக முழு வோல்ட்டைக் காட்டும். ஓவன் மாதிரி லோடு ஓடும்போதே இரண்டு முனையிலும் அளந்துவிடுங்கள். கணக்கு வந்ததும், அந்தச் சூடு எதன் அடியில் இருக்கிறது என்பதை வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லுங்கள். வாட் என்றபோது மேரி அக்கா பத்து நிமிடம் கேட்டார். வலை என்றதும் கேக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.