தங்கை சாப்பிடாத மாத்திரை

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். என் தங்கையை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கும் இருந்தது. அப்போது அவள் நான்கு மாத கர்ப்பிணி.

மதுரையில் ஒரு பெண் டாக்டர், வயிற்றுப் பிள்ளைக்கு நோய் தொற்றாமலிருக்க மாத்திரை கொடுத்தார். அது பிள்ளையை ஒன்றும் செய்யாதா என்று தங்கை கேட்டாள்.

"இதுவரைக்கும் பார்த்ததுல பெரிய கெடுதல் இல்லம்மா. எல்லாம் தெரியும்னு சொல்லமாட்டேன். ஆனா, சாப்பிட்டா பிள்ளைக்கு நோய் வர்ற வாய்ப்பு ரொம்பக் குறையும்" என்றார். இந்த மாத்திரையால் உடம்பில் ரத்தம் குறையலாம் என்று சொல்லி, இரும்புச் சத்து மாத்திரையும் எழுதினார்.

மாதாமாதம் நான்தான் துணைக்குப் போவேன். மற்றவர்கள் அவள் பக்கத்தில் உட்காரவே யோசித்தார்கள். அவளும் வளைகாப்பு வேண்டாம் என்றுவிட்டாள். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பஸ்ஸில் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். மனதுக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

ஏழாம் மாதம் ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. "இந்த மாத்திரை உனக்கு ஒத்துக்கல போல. நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். அப்போ பிள்ளைக்கு நோய் வந்துவிடாதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டாக்டர்கள் முன்னால் நான் எப்போதும் அப்படித்தான்.

தங்கை பேசினாள். "நிறுத்தாதீங்க டாக்டரம்மா. அதை ஒரு வேளை விடாம திங்கேன். சத்து மாத்திரையத்தான் திங்கல."

"ஏன்?"

"புள்ள கறுப்பா பொறக்கும்னு தெருவுல சொன்னாக."

"ஏட்டி, நீ மட்டும் செவப்பாக்கும்" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறத்துக்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்லி, அடிக்கடி ரத்தம் பார்த்தார். ரத்தம் மெல்ல ஏறியது. நோய்க்கான மாத்திரையை நிறுத்த வேண்டி வரவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை வயதில் கடைசியாகப் பார்த்த பரிசோதனையிலும் நோய் இல்லை.

பிள்ளை பிழைக்காது என்று நினைப்பவள் அதன் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவாளா? அன்றிலிருந்து, ஒருவர் பேசாமல் இருக்கிறார் என்பதற்காக அவர் நம்பிக்கை இழந்துவிட்டார் என்று நான் முடிவு கட்டுவதில்லை.