தோட்டா நிரப்ப ஒரு மேசை

எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில்தான் குடியிருப்பான். வீடு அவளுடைய சீதனம். அதற்குள் இருக்கும் கட்டில், கதிரை, மேசை எல்லாம் அவளுடையவை. வாப்பாவுக்கென்று அங்கே இருந்தவை ஒரு தகரப் பெட்டியும் லைசன்ஸ் எடுத்த துவக்கும்தான்.

மாவடிப்பள்ளிப் பக்கம் இருந்த எங்கள் வயல் கதிர் தள்ளும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கின. நாங்கள் தொடாத மிருகம், நாங்கள் விதைத்ததைத் தொடுவதில் ஒரு தயக்கமும் காட்டவில்லை. கடையில் தோட்டா இல்லை. வெடித்த வெற்றுத் தோட்டாக்களைத் திரும்ப நிரப்ப வாப்பாவுக்குத் தெரியும். ஆனால் வெடிமருந்து நிறுக்கும் சின்னத் தராசுக்கு ஆடாத மேசை வேண்டும். நிறுவை பிசகினால் துவக்கு பன்றியை விட்டுவிட்டு வாப்பாவைப் பதம் பார்க்கும்.

விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய கிளாசோடு வீடு முழுக்க மேசை பார்த்தார். வைப்பார், தட்டுவார், சிந்தினால் அடுத்ததற்குப் போவார். குசினி மேசையில் சிந்தவில்லை.

"அடுப்புக்கு முன்னாலயா மருந்து கொட்டப் போறீங்க? எண்ட வாப்பா ஊட்டக் கூரையோடதான் தந்த. அது மேலேயே இரிக்கட்டும்," என்றார் உம்மா.

"அப்ப வேற மேசையக் காட்டு புள்ள."

"வரம்பில கொண்டு போய் வச்சி நிரப்புங்க."

"காத்துக்குத் தராசு நிக்காது."

மிஞ்சியது என் படிப்பு மேசை. அது பறிபோனால் வீட்டுப்பாடமும் போய்விடும் என்பதைக் கல்வி விஷயத்தில் என் மூளை அதுவரை காட்டாத வேகத்தில் கண்டுபிடித்தேன். நொண்டிக் காலுக்கடியில் கணக்குப் புத்தகத்தைச் செருகினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாப்பா குனிந்து பார்த்தார்.

"புத்தகத்துக்கு மேல நிக்கிற மேசைய நம்பி மருந்து நிறுக்க ஏலாது மனெ," என்று அதை உருவித் தந்தார்.

மறுநாள் காலை வயலிலிருந்து வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. உம்மா தன் அறைக்குள் போய், பவுடர் டப்பாவையும் அத்தர்க் குப்பியையும் தவிர வேறெதையும் தாங்கியறியாத தேக்கு மேசையைத் துடைத்தார்.

"கிளாஸக் கொண்டு வாங்க."

சிந்தவில்லை.

வாப்பா என்னையும் மூத்தவள் ராத்தாவையும் அடுத்த தெருவிலிருந்த சாச்சி வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் செருப்பை மறந்து திரும்பி வந்தபோது, வாப்பா தராசுமேல் குனிந்திருந்தார். உம்மா முழங்கை தொடும் தூரத்தில் கதிரை போட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"நீயும் போ புள்ள," என்றார் வாப்பா.

"இது எண்ட மேசை," என்றார் உம்மா, ஊசியிலிருந்து கண் எடுக்காமல்.

மேசையில் கீறல் விழாமல் உம்மா காவல் இருக்கிறார் என்று சாச்சியிடம் போய்ச் சொன்னேன். சாச்சி சிரிக்கவில்லை. வாசலில் நின்று எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மேசைமீது இந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு வியப்பாக இருந்தது.