எச்சில் காற்று

வில்லாட்ஸின் இடது கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் ஒன்று இருந்தது. நகராட்சியின் வீட்டுப் பராமரிப்பு வேலையில் இருந்த நான், வாரத்துக்கு மூன்று காலை அவர் வீட்டுக்குப் போய் அதைக் கழுவி, கால்விரலிலிருந்து முழங்கால் வரை பட்டைத்துணி சுற்றுவேன். மூன்று வருடம் சுற்றினேன். புண் ஆறாததற்கு மருத்துவர் சொன்ன காரணம் ரத்த ஓட்டம். நான் சொல்லும் காரணம் எகோன்.

எகோன் பக்கத்து நிலத்துக்காரர், பன்றி வளர்ப்பவர். வில்லாட்ஸ் காலை உயர்த்தி வைத்து உட்கார வேண்டும் என்பது உத்தரவு. அவரோ சமையலறை ஜன்னலில் தொலைநோக்கியோடு நின்று, மேற்கே எகோனின் காற்றாலை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். நின்றால் கால் வீங்கும். வீங்கினால் புண் நீர்விடும். மறுநாள் நான் போய்த் துடைக்க வேண்டும்.

எங்கள் மேற்கு யூட்லாந்தில் முதலில் காற்றாலை கட்டியவர்களில் வில்லாட்ஸும் ஒருவர். எங்கள் ஊரில் அவர்தான் முதல். எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் ஓட்டக்கூடாது என்று டென்மார்க் முழுக்கச் சட்டம் போட்டார்களே, அதற்குச் சில வருடம் கழித்து. அவர் உழவு இயந்திரங்கள் பழுதுபார்க்கும் கொல்லர். பழைய லாரியின் பல்சக்கரப் பெட்டி, தானே செதுக்கிய இறக்கைகள், ஏழு மாத உழைப்பு. அது சுற்றிய அன்று பாதிரியார் வந்தார், ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டி வந்தார், பெண்கள் கேக் கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டு "அவ்வளவு மோசமில்ல" என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது.

எகோன் மட்டும் வரவில்லை. மூன்று வருடம் கழித்து அவர் தொழிற்சாலையில் செய்த காற்றாலை ஒன்றை வாங்கி, வில்லாட்ஸுடையதைவிட நாலு மீட்டர் உயரமாக, எல்லைக்கு மேற்கே இருந்த மேட்டில் நட்டார். எங்களுக்குக் காற்று மேற்கிலிருந்துதான் வரும்.

"எனக்கு வர்றது அவன் எச்சில் காத்து, டாக்னி," என்பார் வில்லாட்ஸ். "அவன் மென்னு துப்பினதைத்தான் என் இறக்கை தின்னுது."

"காத்துல ஏதுங்க எச்சில்? காலை நீட்டுங்க."

ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஒன்றின் பின்னால் இன்னொன்று நின்றால் பின்னால் நிற்பதற்குக் காற்று தளர்ந்துதான் வரும். காற்றாலைக்காரர்களின் சங்கப் பத்திரிகை மாதாமாதம் ஒவ்வொருவரும் எடுத்த மின்சாரத்தைப் பெயரோடு அச்சிடும். அதை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்.

"போன மாசம் அவன் நாலாயிரத்து நூறு யூனிட். நான் மூவாயிரத்து எண்ணூறு."

"கிட்டத்தட்ட ஒண்ணுதானே."

"கிட்டத்தட்டவா? உன் புருஷன் கிட்டத்தட்ட உயிரோட இருக்காரா?"

அன்று பட்டையை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கியிருக்கலாம் என்று தோன்றியது. இறுக்கவில்லை.

புதன்கிழமைகளில் நான் எகோன் வீட்டுக்கும் போவேன். அவர் மனைவி கிர்ஸ்டினேவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். எகோன் காப்பியோடு வந்து நிற்பார்.

"ஜன்னல்ல நிக்கிறானா அவன்?"

"அவர் எங்க நின்னா உங்களுக்கென்ன?"

"நான் காசு குடுத்து வாங்கினேன். அவன் கையால செஞ்சான். இருபது வருஷமா என் காத்தாலைய பாக்க ஒரு நாய்கூட வரல, தெரியுமா? இப்பவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை அவன்கிட்டதான் கூட்டிட்டுப் போறாங்க."

"ஓயாம புலம்பாதீங்க. உங்க வீட்டம்மாவும் கேக்குறாங்க," என்றேன். கண்ணை மூடியிருந்த கிர்ஸ்டினே சிரித்தாள்.

ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லக் கூடாது என்பது எங்கள் பயிற்சியின் முதல் பாடம். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு கிழவர்களும் நன்றாகத் தூங்கியிருப்பார்களோ என்னவோ. இறந்துபோன என் கணவர் நாற்பது வருடம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையில் பாதி எனக்குக் கிடைத்திருந்தால் போதும் என்று சில நாள் எரிச்சலாக இருக்கும்.

பிறகு பெரிய காற்றாலைப் பேச்சு வந்தது. கடல் அணையை இரண்டாம் முறையாக உயர்த்திய வருடம் அது. கோடையில் புல் கருகி, குளிர்காலத்தில் பனிக்குப் பதில் மழை பெய்து, எண்ணெயும் நிலக்கரியும் எரித்தது போதும் என்று ஊரே ஒத்துக்கொண்டது. பொது நிலத்தில் ஒரே ஒரு பெரிய காற்றாலை, முழு ஊருக்கும் மின்சாரம். நிபந்தனை ஒன்றுதான்: பழைய சிறிய காற்றாலைகள் இரண்டும் அக்டோபர் முடிவதற்குள் இறக்கப்பட வேண்டும். இல்லையென்றால் அனுமதி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

"எகோன் முதல்ல இறக்கட்டும்," என்றார் வில்லாட்ஸ். "என்னோடது நின்னு அவனோடது ஒரு மணி நேரம் தனியா சுத்தினாலும் நான் செத்தேன்."

எகோன் என்ன சொன்னார் என்று எழுதத் தேவையில்லை. ஒரே நாளில் இறக்கலாம் என்றார் சங்கச் செயலாளர். அந்தப் பக்கத்தில் கிரேன் ஒன்றுதான் இருந்தது. யார் வீட்டுக்கு முதலில் போகும் என்று மூன்று கூட்டம் நடந்தது. முடிவாகவில்லை. கடைசியில் கிரேன்காரரே, "செவ்வாய்க்கிழமை வரேன், எந்தக் கதவு திறந்திருக்கோ அங்க போறேன்," என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை புயல். நான் சைக்கிளை விட்டுவிட்டு நடந்துதான் போனேன். கொட்டகைத் தகரம் பறந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட காற்றில் காற்றாலையை நிறுத்தியே ஆக வேண்டும். வில்லாட்ஸுடையது நிற்கவில்லை. சத்தம் அலறல் மாதிரி இருந்தது. அவர் ஜன்னலில் நின்றிருந்தார்.

"தானா நிறுத்துற பிரேக் என்னாச்சு?"

"எட்டு வருஷம் முன்னாடியே கழட்டிட்டேன். அது இருந்தா அவனோடது நிக்கிறதுக்கு முன்னாடியே இது நின்னுடுது."

"உங்களுக்குப் புத்தி இருக்கா? கைப் பிரேக்கைப் போடுங்க!"

"அவன் போடட்டும்."

நான் எகோன் வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். கிர்ஸ்டினே எடுத்தாள். "பிரேக் போடச் சொல்லி தொண்டை வத்திப்போச்சு, டாக்னி. வில்லாட்ஸ் முதல்ல போடட்டுமாம்."

தொலைபேசியை வைத்தேன், மேல்சட்டையை மாட்டினேன், வெளியே போனேன். கைப் பிரேக் கோபுரத்தின் அடியில் இருந்த சின்ன அறையில். பாதி வழி போவதற்குள் பெரிய மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஓர் இறக்கை என் தலைக்கு மேலே, மிகவும் உயரத்தில், அவசரமே இல்லாமல் பறந்து போய் வடக்கில் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த எகோனின் கிழங்கு வயலில் குத்தி நின்றது. நான் ஓடிப்போய் நெம்புகோலில் தொங்கினேன். மிச்சம் இருந்த இரண்டு இறக்கைகளும் முனகிக்கொண்டே நின்றன.

திரும்பி வந்தபோது வில்லாட்ஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லாமலே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் காலைத் தூக்கி முக்காலியில் வைத்தேன்.

"இப்ப அவன் சந்தோஷமா சுத்துவான், இல்ல?"

நான் ஜன்னலில் பார்த்தேன். எகோனின் காற்றாலை நின்றிருந்தது.

திங்கட்கிழமை புயல் அடங்கி நல்ல காற்று. எகோனுடையது சுற்றவில்லை. செவ்வாய்க்கிழமை காலையும் சுற்றவில்லை.

"பிரேக் சிக்கிக்கிச்சு போல," என்றார் வில்லாட்ஸ். கொஞ்ச நேரம் கழித்து, "தொழிற்சாலைல செஞ்சது. அப்படித்தான்."

எகோன் பிரேக்கை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகக் கிர்ஸ்டினே என்னிடம் சொல்லியிருந்தாள். நான் அதைச் சொல்லவில்லை.

கிரேன் வந்தபோது வில்லாட்ஸின் கதவு திறந்துதான் இருந்தது. இருந்தும் அது நிற்காமல் மேட்டுக்குப் போனது. எகோன் சாலையில் நின்று கையை ஆட்டி அழைத்திருந்தார். முற்பகலுக்குள் அவருடைய கோபுரம் புல்லில் படுத்துவிட்டது. இறக்கை உடைந்த வில்லாட்ஸின் காற்றாலை சாயங்காலம் வரை தனியாக நின்றது. அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது.

எகோன் மதியம் வந்தார். இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை. வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அவ்வளவு மோசமில்ல," என்றார். காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

வில்லாட்ஸ் அவர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்து ஒரு துண்டை எடுத்து வைத்தேன்.

"பாத்தியா அவனை?" என்றார். "நல்லவன்னு பேரையும் அவனே எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

மார்ச்சில் அந்தப் புண் மூடியது. ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லாததால் உட்கார்ந்தே இருந்தார், அவ்வளவுதான். மே மாதம் பெரிய காற்றாலை எழும்பியது. ஆறிய காலைக் கடைசியாகப் பார்க்கப் போன அன்று அவர் மறுபடி ஜன்னலில் நின்றிருந்தார். அங்கிருந்து இறக்கைகளின் மேல் பாதிதான் தெரியும், கீழ்ப் பாதியைத் தேவாலயத்து மரங்கள் மறைக்கும்.

"டாக்னி, நீ புதன்கிழமை அங்க போறவதானே. அவன் சமையலறையில இருந்து பாத்தா முழுசா தெரியுதா?"

முழுசாகத் தெரியும். நான் பையைத் திறந்து புதுப் பட்டைச் சுருள் ஒன்றை மேசையில் வைத்தேன்.