மாமனாரின் காலும் ஊராரின் பைக்கும்

வலிக்கிறது என்று நிற்கும் மனிதரை, இன்னும் கொஞ்சம் நடங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

என் மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. இளவயதிலிருந்தே பீடி; பல வருடங்களாகச் சர்க்கரை. சென்ற ஆண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போகும் மேட்டில் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து நின்றுவிட்டார். நின்றால் வலி போகும், நடந்தால் திரும்ப வரும். வாயு என்று தீர்ப்புச் சொன்னார்கள் எங்கள் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு எல்லா நோயும் வாயுதான். நாமக்கல் மருத்துவரோ கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார், பீடியை விடச் சொன்னார். தினமும் வலி வரும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். வீட்டில் படித்தவள் நான் என்பதால் இரண்டும் என் பொறுப்பாயின.

இடுப்பில் குழந்தையோடு தினமும் அவருடன் நடந்தேன்.

எங்கள் திண்ணனூர் நாட்டில், அதாவது இந்த மலையூர்க் கூட்டத்தில், பெரியவர் ஒருவர் ரோட்டில் நடந்தால், பைக்கில் வருகிறவன் நிறுத்தி ஏற்றிக்கொள்ள வேண்டும். பார்த்தும் நிறுத்தாமல் போனவனைச் சந்தையில் நாலு பேர் முன் வைத்துக் கேட்பார்கள். பஸ் குறைந்த மலையில் நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு மூளை கிடையாது. என் கணவரின் பங்காளி ஒருவர் இருக்கிறார், அவருக்கும் கிடையாது.

"பெரியப்பா, ஏறுங்க. எங்க போறீங்க?"

"சும்மா நடக்கறேன் சாமி."

"சும்மா நடக்கறதுக்கு என்ன வேண்டுதலா? ஏனுங்க, உங்க மருமக உங்களுக்குப் பரேடு எடுக்கறாளா?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருங்க" என்றேன்.

"சொல்லுவாரு. கால் வலிக்கறது அவருக்கா?"

மாமனார் என்னைப் பார்க்கவே இல்லை. "ஒரு எட்டு போயிட்டு வாரேன் கண்ணு" என்று சொல்லும்போதே பின் சீட்டில் கால் போட்டுவிட்டார். டீக்கடையில் பீடி வாங்கிக் கொடுப்பதும் அதே மரியாதைக்காரர்தான். மாமனாரை வண்டியில் வைத்து ஊர் சுற்றிக் காட்டியதில் அவருக்குக் கிடைத்த நல்ல பெயரைப் பார்க்க வேண்டுமே!

போன மாதம் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று நாள் மாமனாரின் பாதத்தை நான் பார்க்கவில்லை. நான்காம் நாள் பார்த்தபோது கணுக்காலுக்கு மேலே உள்பக்கம், உள்ளங்கை அளவு தோல் வெந்து கறுத்திருந்தது. பைக் சைலன்சர் சுட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரையால் மரத்துப்போன காலுக்குச் சூடு எப்படித் தெரியும்? முதல் நாளே பார்த்திருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன். குழந்தைக்கு மருந்து கொடுத்த கையோடு ஒரு நிமிடம் வேட்டியை விலக்கிப் பார்த்திருக்கலாம்.

பங்காளி பார்க்க வந்தார். தன் பேண்ட்டை மடித்து ஒரு பழைய தழும்பைக் காட்டினார்.

"எனக்கும்தான் பட்டுச்சு. ஒரு வாரத்துல ஆறலையா? நடக்க வெச்சு நடக்க வெச்சுத்தான் கால் இப்படி ஆச்சு."

அவருடைய கொழுத்த கெண்டைக்காலில் ரத்தம் ஓடுகிறது என்ற வித்தியாசம் அவருக்குப் புரியவில்லை. என் நாத்தனார் தலையாட்டினாள். புரியாத எதற்கும் தலையாட்டுவாள்.

புண் ஆறவில்லை. ரத்தம் போய்ச் சேராத காலில் புண் தானாக ஆறாது, ஆற விட்டுக் காத்திருந்தால் காலே போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சேலத்தில் குழாய் செலுத்தி அடைப்பைத் திறக்க வேண்டும். வரும் திங்கட்கிழமை சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமனார் அசைய மறுக்கிறார்.

"அங்க போனா வெட்டிருவாங்களாம் கண்ணு. அவன் சொன்னான்."

"வெட்டாம இருக்கத்தானுங்க மாமா போறோம்."

"உனக்கு நடக்க வைக்கத்தான் தெரியும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சொல்வதெல்லாம் மருமகளின் அதிகாரமாகவே அவர் காதில் விழுகிறது. ஒருவேளை என் குரலே அப்படித்தானோ என்னவோ. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் சிகிச்சைக்கு மறுத்து, பிறகு சம்மதித்திருந்தால், யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் எழுதினால் நல்லது.